கொடைக்கானல் ஏரியில் தூண்டிலும் துடுப்பும் கற்றுக்கொடுத்தவை

கொடைக்கானல் ஏரி நட்சத்திர வடிவம் கொண்டது என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் அழகைக் கருதி ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகின்றன. அங்கே பல ஆண்டுகளாகத் தூண்டில் போட்டும் துடுப்பு வலித்தும் வருகிற எனக்கு, ஏரியைப் பற்றி அறிய வேண்டிய முதல் செய்தியே அந்த வடிவம்தான். சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள சிறிய நீர்நிலை அது. ஆனால் அதன் ஒவ்வொரு கையும் ஒவ்வொரு சரிவின் தண்ணீரை வாங்கிக்கொண்டு தனித்தனியாகக் கிடக்கிறது. ஒரு கையில் அடி வரை தெரியும்படி நீர் தெளிந்திருக்கும் அதே காலையில், மேட்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த கைக்குப் போனால் முழங்கை ஆழத்தில் துடுப்பின் தகடு மறைந்துபோகும். ஆகவே "ஏரித் தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று யாராவது கேட்டால், எந்தக் கையைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதே என் வழக்கம்.

இது இயற்கையாக அமைந்த ஏரி அன்று. அப்போது மதுரை ஆட்சியராக இருந்து, பின்னர் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலிலேயே தங்கிவிட்ட வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ஆம் ஆண்டில் ஓடைகளின் குறுக்கே கரை எழுப்பிச் சதுப்பான பள்ளத்தை நிரப்பினார். மீன்களை விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்ததும் அவரே. கரை எழுந்ததும் நீர் பின்வாங்கி ஏறிய ஓடைப் பள்ளங்கள்தாம் இன்றைய கைகள். சராசரி ஆழம் 3 மீட்டர் அளவுதான் என்பதால், கைகளின் நுனிகளில் ஆள் நின்றால் மார்பளவு நீர்கூட இராது. நடு ஏரியில் காற்று வீசி நீரைப் புரட்டுகிறது; மேடுகளாலும் மரங்களாலும் மறைக்கப்பட்ட நுனிகளில் அந்தக் காற்று படுவதில்லை. மழைநீரோடு வந்து சேரும் வண்டல், இலைச்சருகு, சாக்கடை எல்லாம் முதலில் தங்குவது அங்கேதான். மிகுதி நீர் வழிந்து, ஊருக்கு வரும் மலைப்பாதையில் எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற வெள்ளி அருவியாக விழுகிறது. அருவியின் அடியில் கால் நனைப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஏரியிலிருந்து வருகிறது என்று தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

தூண்டில்காரனுக்கு இந்த ஏரி பெரும்பாலும் கெண்டை ஏரி. மீன்வளத் துறையினர் சாதாக் கெண்டை என்று குறிப்பிடும் இனமும், உடம்பில் அங்கங்கே மட்டும் பெரிய செதில்கள் பளபளக்கும் அதன் வகையான கண்ணாடிக் கெண்டையும் இங்கே உண்டு. இரண்டும் இந்த மண்ணுக்குரியவை அல்ல. கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் மற்ற மலை நீர்நிலைகளுக்கும் சென்றது. குளிர் தாங்கும், எதையும் தின்னும், வேகமாக வளரும் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். அது உண்ணும் முறைதான் ஏரிக்குப் பாரமாயிற்று. கெண்டை வாயைக் குழாய்போல நீட்டி அடிச்சேற்றை உறிஞ்சி, அதிலுள்ள புழுக்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்புகிறது. போகிற வழியில் நீர்த்தாவரங்களின் வேரையும் பிடுங்குகிறது. சேற்றில் அடங்கிக் கிடந்த பாஸ்பரஸ் இதனால் மறுபடியும் நீரில் கலக்க, பாசிக்கு அது உரமாகிறது. மீன் நிறைய இருந்தால் ஏரி நலமாக இருக்கிறது என்று பொருள் என்பார் உண்டு. கெண்டை ஏரியைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீர் கலங்கக் கலங்கக் கெண்டைக்குக் கொண்டாட்டம். தெளிந்த நீரில் வாழும் மற்றவற்றுக்கு அது திண்டாட்டம்.

கெண்டையைத் தேடும் வித்தையை எனக்குச் சொல்லித் தந்தவர், வாழ்நாள் முழுவதும் ஏரியில் துடுப்பு வலித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர். பனி விலகாத காலையில் நீர்மட்டத்தில் கொப்புளங்கள் எழுவதைக் காட்டி, "தம்பி, ஒரே இடத்துல பொங்குனா அது சேத்து வாயு. நகந்துக்கிட்டே பொங்குனா அதுதான் கெண்டை. அது போற திசைக்கு ஒரு பாகம் முன்னாடி போடுங்க" என்றார். பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம். அன்றுமுதல் நான் கொப்புளங்களைப் பார்க்காமல் இரை கோப்பதில்லை. மேயும் கெண்டையின் கொப்புளங்கள் கடுகளவில் நுண்ணியவையாக, நுரை போலக் கூட்டமாக எழும். சேற்று வாயுவின் கொப்புளங்கள் பெரியவை, விட்டுவிட்டு வருபவை, கிட்டே போனால் அழுகிய முட்டை வாடையும் வீசும். இரண்டாவது வகைக் கொப்புளங்கள் ஒரு கையில் நாளுக்கு நாள் பெருகினால், அங்கே அடியில் ஆக்சிஜன் தீர்ந்து சேறு புளித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய தங்கூஸ் (நைலான் தூண்டில் இழை), சிறிய தக்கை, தக்கை நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு மட்டும் ஈயம், நடுத்தர முள் ஆகியவை போதும். மண்புழுவும், கெட்டியாகப் பிசைந்த மைதா உருண்டையும், வேகவைத்த மக்காச்சோள மணியும் இரையாகும்; குளிர் மாதங்களில் மண்புழுவே மேல். கெண்டை இரையைச் சட்டென்று விழுங்காது. தக்கை இரண்டு முறை நடுங்கி, சற்றே உயர்ந்து, படுத்து, பிறகு பக்கவாட்டில் நகரத் தொடங்கும்போதுதான் இழுக்க வேண்டும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டால், மீனைத் திருப்பி விடும்போது உதடு கிழியாது. நம் விரலில் ஏறினாலும் எளிதில் வரும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடுகிறது; அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கிறது. அறுந்த தங்கூஸை நீரில் விடுவது நீர்க்காகத்தின் காலில் கட்டுப் போடுவதற்குச் சமம். ஆதலால் அதைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். மீன் பிடிக்க மீன்வளத் துறையின் முன் அனுமதி வேண்டும். நடைமுறை காலத்துக்குக் காலம் மாறும் என்பதால், புறப்படும் முன் அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

நீரைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. வானம் மேகமூட்டமாக இருந்தால் நல்ல நீரும் கலங்கலாகத் தெரியும். வெயில் அடித்தால் கெட்ட நீரும் மின்னும். நீரில் ஒரு தட்டை இறக்கிப் பார்க்கும் எளிய தீர்வை ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-இல், அதாவது நம் ஏரிக்குக் கரை எழும்பிய இரண்டு ஆண்டுகளில், கடலில் சோதித்துக் காட்டினார். இன்று ஏரிகளுக்கு வழங்கும் வடிவம், 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசியது. நான் பழைய எவர்சில்வர் தட்டின் நடுவில் துளையிட்டு, அடியில் கனமான நட்டு ஒன்றைக் கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு வீதம் கயிறு போட்டு வைத்திருக்கிறேன். நண்பகலை ஒட்டி, படகின் நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி அணியாமல் தட்டை இறக்க வேண்டும். அது கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், திரும்பத் தூக்கும்போது தெரியத் தொடங்கும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் தெளிவின் அளவு கிடைக்கும். ஒரு நாள் அளவைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஒரே கையில், ஒரே இடத்தில், மாதந்தோறும் எடுத்துக் குறித்துவந்தால் அந்தக் கையின் குணம் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆக்சிஜன். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதால், மலை ஏரி என்றால் மீனுக்கு மூச்சுத் திணறாது என்று நினைக்கத் தோன்றும். கடல் மட்டத்தில் 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் ஏற்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைந்து, அதே நீர் 7 மில்லிகிராமை ஒட்டித்தான் ஏற்கிறது. குளிர் தரும் ஆதாயத்தில் ஒரு பங்கை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. மீன் வளர்ப்புக்கு ஏற்ற நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராமும், குளிக்கத் தக்க நீரில் குறைந்தது 5 மில்லிகிராமும் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. பாசி மிகுந்த நீரில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ஏறி, இரவெல்லாம் பாசியே அதை மூச்சாக இழுத்துவிடுவதால், விடியும் நேரத்தில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகிறது. எனவே மாலை நான்கு மணிக்கு எடுத்த அளவை யாராவது காட்டி ஏரி நன்றாக இருக்கிறது என்றால், சூரியன் எழுமுன் எடுத்த அளவையும் காட்டச் சொல்லுங்கள். கருவி இல்லாதவர்களுக்கு மீனே கருவி: அதிகாலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடினால், அவை இரை கேட்கவில்லை. பொரியும் ரொட்டியும் வீசும் அன்பர்கள் அப்போது இன்னும் கொஞ்சம் வீசுவார்கள். மிஞ்சியது அடியில் அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்னும்.

மாசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க ஏற்ற நாள், ஏப்ரல் அல்லது மே மாதத்துக் கோடை மழை முதன்முதலாகப் பெய்யும் நாள். சுற்றுலாப் பருவம் உச்சத்தில் இருக்கும், விடுதிகள் நிரம்பியிருக்கும், ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் சவாரிக் குதிரைகள் காலை முதல் மாலை வரை நடந்துகொண்டிருக்கும். ஒரு மட்டக்குதிரை நாளொன்றுக்கு 10 கிலோ அளவில் சாணம் போடும். உலர்ந்து, டயர்களில் நசுங்கி, தவிட்டு நிறத் தூளாகச் சாலையோரம் சேர்ந்திருக்கும் அது, மழை தொடங்கிய சிறிது நேரத்தில் தேநீர் நிறத்தில் கரைந்து, வடிகால் வாயில்கள் வழியாக ஏரிக்குள் இறங்குவதைக் குடை பிடித்து நின்று பார்த்திருக்கிறேன். வைக்கோல் துணுக்குகள் மிதக்கும் அந்தப் பழுப்பு நீர், தெளிந்த நீரோடு உடனே கலந்துவிடாமல், விளிம்பு தெளிவாகத் தெரியும்படி விசிறியாக விரியும். அந்த விளிம்பில் சிறு மீன்கள் மொய்க்கும். அவற்றுக்குப் பின்னால் கெண்டையும் வரும். தூண்டில்காரர்களுக்கு அந்த நேரம் வேட்டை நேரம். நான் அங்கே போடுவதில்லை. போட்டுப் பிடித்தாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து.

குதிரைக்காரர்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது எளிது; ஏழைகளின் பிழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. மழையில்லாத நாளிலும் ஈரம் கசியும் வடிகால்களைப் பார்த்தால் மிச்சக் கதை தெரியும். வாரக்கணக்கில் வானம் வறண்டிருக்கையில் ஒரு குழாயிலிருந்து சோப்பு நுரையோடு நீர் வருகிறதென்றால், அது மழைநீர் ஆகாது. செங்குத்துச் சரிவில், ஆழமில்லாத மண்ணில், அதிகம் பேர் தங்கும் கட்டடத்துக்குக் கட்டப்பட்ட கழிவுநீர்த் தொட்டி எந்தப் பக்கம் கசியும் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. நீரின் மேல் மிதக்கும் பாட்டிலைப் பொறுக்குவதால் படம் நன்றாக வரும். ஏரியின் நலம் நிர்ணயமாவதென்னவோ சரிவுகளில் உள்ள குழாய்களில்தான். கரையை அழகுபடுத்தச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கேனும் இந்தக் குழாய்களின் வாயைத் தேடிப் போக வேண்டும் என்று நான் கேட்ட இடங்களிலெல்லாம் சொல்லி வருகிறேன். விருப்பத்தோடு கேட்டவர்கள் குறைவு.

நீர்ச்செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. படகின் துடுப்பில் சிக்குகிறது என்பதற்காக அவ்வப்போது அவற்றை அள்ளுகிறார்கள், அள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு கையில் முழுவதையும் வழித்துவிட்டால், அந்தச் செடிகள் எடுத்துக்கொண்டிருந்த சத்து முழுவதும் பாசிக்குப் போய்ச் சேரும். அடுத்த வெயிலில் நீர் பச்சைக் குழம்பாகிவிடும். பாதையளவுக்கு வெட்டி, மீதியை விடுவதே முறை. அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைத்தால், அழுகிய சாறு திரும்ப ஏரிக்கே வடியும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே லாரியில் ஏற்றி உரக்குழிக்கு அனுப்ப வேண்டும். பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல என்பதால் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்: நூல் நூலாகத் தூக்க வந்தால் அது பெரும்பாலும் தீங்கற்ற இழைப்பாசி. பெயின்ட் பூசியதுபோல் குச்சியில் படிந்து ஒழுகினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் நஞ்சு சுரக்கும் வகைகள் உண்டு என்பதால், குழந்தைகள் கை வைப்பதையும் நாய் நக்குவதையும் தடுத்துவிட வேண்டும்.

பிடித்த மீனை உண்ணலாமா என்று கேட்பவர்களுக்கு நான் நேராகவே பதில் சொல்கிறேன். கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு, 2001 மார்ச்சில் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டறியப்பட்டு, ஆலை மூடப்பட்டது. 2006-இல் வெளியான அறிவியல் ஆய்வொன்று, ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் கூடுதலாக இருப்பதைப் பதிவு செய்தது. தொலைவிலுள்ள பேரிஜம் ஏரியில் அளவு அதைவிடக் குறைந்திருந்தது. ஆலைக்கும் ஏரிக்கும் நடுவே மேடு இருப்பினும், ஆவியான பாதரசம் காற்றில் வந்து படியக்கூடியது. வண்டலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை மீத்தைல் பாதரசம் என்ற இன்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அது மீனின் சதையில் கட்டுப்பட்டுவிடுவதால், தோலை உரிப்பதாலோ கொழுப்பை நீக்குவதாலோ நெடுநேரம் கொதிக்கவைப்பதாலோ போவதில்லை. கெண்டையின் மண்வாடையைப் புளிக்கரைசலிலோ மோரிலோ ஊறவைத்துக் குறைத்துவிடலாம். புளி பாதரசத்தை ஒன்றும் செய்யாது. வயதான பெரிய மீனில் அது அதிகம் சேர்ந்திருக்கும் என்பதால், பெரிய கெண்டை கிடைத்தால் படம் எடுத்துக்கொண்டு நீரில் விட்டுவிடுகிறேன். கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த ஏரி மீனை எங்கள் வீட்டில் பரிமாறுவதில்லை.

படகில் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது சிலவே. நடு ஏரியில் காற்று பிற்பகலில் வலுக்கும். மூடுபனி சொல்லாமல் இறங்கும். திரும்பி வரும்போது எதிர்காற்றில் மிதிக்கும்படி ஆகாமலிருக்க, போகும்போதே காற்றை எதிர்த்துப் போய்விடுங்கள். உயிர்காப்பு மேலாடையின் பட்டைகளை இறுகக் கட்டாமல் தோளில் தொங்கவிடுவதால் பயன் இல்லை. அடியில் களையும் கழுத்தளவுச் சேறும் உள்ள இடத்தில் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். ஆழமற்ற கை நுனிகளுக்குள் மிதிபடகை ஓட்டிச் சேற்றைக் கலக்க வேண்டாம். நீரில் அளைந்த கையைச் சோப்பால் கழுவிவிட்டுப் பிறகு கரையோரத்துச் சுட்ட சோளத்தை வாங்குங்கள். சைக்கிளிலோ நடந்தோ ஏரியைச் சுற்ற விரும்புவோர்க்கு ஜனவரியின் விடியற்காலை உகந்தது. புல்லில் உறைபனி படிந்திருக்கும், கூட்டம் இராது, நுனிகளின் நீரையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

சந்தேகத்துக்குரிய குழாயைக் கண்டு புகார் கொடுக்க நினைப்பவர்கள், "ஏரி நாறுகிறது" என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் கோப்புக்குள் போய்விடும். எந்தக் கை, எந்த வடிகால் வாய், தேதி, நேரம், அதற்கு முன் கடைசியாக மழை பெய்த நாள், ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்து, நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரே மனுவை விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நீர் மாதிரியும் எடுப்பதாக இருந்தால், பரிசோதனைக் கூடத்திலேயே கிருமி நீக்கிய புட்டியை வாங்கி, குழாய் வாயில் ஒன்றும், அதே கையில் சற்றுத் தள்ளி ஒன்றுமாக நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். குளிக்கத் தக்க நீரில், கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லிலிட்டருக்கு 500-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பை மனுவிலேயே குறிப்பிட்டு, இரு புட்டிகளின் முடிவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பதில் எழுதாமல் இருப்பது அலுவலருக்குக் கடினமாகிவிடும்.